கோத்தகிரியில நான் ஜெயிச்ச அன்னைக்கு

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பு காலோடயே வாங்க, இது பட்டறைதானுங்க, வீடு பின்னால. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. ஒரு தட்டு தட்டிட்டு உக்காருங்க, இரும்புத்தூளு பேண்ட்டுல ஒட்டிக்கும்.

அந்தா சொவத்துல மாட்டியிருக்குது பாருங்க, அதுதான். போட்டோவுல பாத்தீங்கல்ல. தொட்டுப் பாருங்க, தூக்கிப் பாருங்க. பூவாட்டம் இருக்கும். தோள்ல போட்டுட்டு ஓடறதுக்குன்னே செஞ்ச சைக்கிளுங்க அது.

நல்ல வண்டியை ஏன் விக்கறீங்கன்னு போன்லயே கேட்டீங்க. போன்ல சொல்ற சங்கதியா அது? வண்டியில கோளாறு ஒண்ணும் இல்லீங்க. கோளாறெல்லாம் மனுசங்ககிட்டத்தான். என் முதுகுக்குப் பின்னால எல்லாரும் ஒண்ணாச் சேந்துட்டாங்க. எங்கூட்டுக்காரி, பெத்த மக, கூடப்பொறந்தவனாட்டம் நெனச்ச சிநேகிதன், பக்கத்து ஊட்டு அம்மா வரைக்கும். நான் ஒருத்தன்தான் ஒண்ணும் தெரியாம கப்பைத் தூக்கிட்டு வந்து நின்னேன்.

நீங்க ரோட்டுல ஓட்டறவருங்களா? அப்ப இந்தப் பந்தயத்தைப் பாத்திருக்க மாட்டீங்க. சைக்ளோகிராஸ்னு பேரு. எங்கூட்டுல சேத்துப் பந்தயம்பாங்க. மழை விட்டதும் ஆரம்பிச்சுத் தை மாசத்துக்குள்ள முடிஞ்சுரும். ஏற்காடு, ஏலகிரி, ஓசூரு, வயநாடு, கடைசியாக் கோத்தகிரின்னு ஞாயித்துக்கிழமைக்கு ஒரு ஊரு. ஒரு தோட்டத்தையோ மைதானத்தையோ வளைச்சுக் கயிறு கட்டிருவாங்க. உள்ள புல்லு, சேறு, மணலு, மேடு எல்லாம் இருக்கும். நடுவுல பலகையைக் குறுக்க நிறுத்தி வச்சிருப்பாங்க. ஓட்டிட்டே வந்து குதிச்சு, சைக்கிளைத் தோள்ல போட்டு, பலகையைத் தாண்டி ஓடி, மறுபடியும் ஏறி மிதிக்கோணும். அப்படியே சுத்திச் சுத்தி வரோணும். முடிச்சுட்டு வந்தா மூஞ்சி யாருதுன்னு தெரியாது. ஓட்டறவங்கெல்லாம் நம்மளாட்டம் சோலிக்குப் போற ஆளுகதான். பல் டாக்டரு இருக்கறாரு, காலேஜ் வாத்தியாரு இருக்கறாரு. ஜெயிச்சா ஒரு கப்பு குடுப்பாங்க, ஒரு போட்டோ எடுப்பாங்க. அவ்வளவுதானுங்க. ஆனா அந்த அவ்வளவுக்கு ஒரு ருசி இருக்குது. ருசி கண்டவனுக்குத்தான் தெரியும்.

எனக்கு எப்படி இந்தக் கிறுக்குப் புடிச்சுதுன்னா, எனக்குச் சர்க்கரைங்க. மாத்திரையோட நிக்கற சர்க்கரை இல்லை, ஊசி போட்டுக்கற சர்க்கரை. என் மக பிருந்தா பள்ளிக்கூடம் போயிட்டிருந்தப்ப, ஒரு நாள் இதே லேத்து முன்னால மயங்கி விழுந்துட்டேன். கை மிசின்ல மாட்டாம தப்புனதே பெரிய காரியம். உடம்பை அசைக்காட்டி அவ்வளவுதான்னு டாக்டரு சொல்லிட்டாரு. அப்பத்தான் ஹாரூன் என்னைச் சைக்கிள்ல ஏத்தி விட்டான். ஹாரூன் யாருன்னா, ஒண்ணாப்புல இருந்து என் பக்கத்துல உக்காந்து படிச்சவன். மூக்குக் கண்ணாடிக் கடை வச்சிருக்கறான். மொதல்ல வாலாங்குளத்தைச் சுத்துனோம். அப்புறம் மருதமலை. அப்புறம் எவனோ ஒரு பெங்களூர்க்காரன் இந்தச் சேத்துப் பந்தயத்தைப் பத்திச் சொன்னான். ரெண்டு பேரும் போயி விழுந்தோம்.

அன்னையிலிருந்து என்னைப் பாத்துக்கிட்டது எங்கூட்டுக்காரி சாந்தாமணிதான். அதை நான் இல்லைங்கலை. சாந்தாமணி புருசனைப் பாக்கலைன்னு எவனாவது சொன்னா நானே சண்டைக்குப் போவேன். காத்தால ஊசி போடறதுக்கு முந்தி என் விரலைக் குத்திப் பாக்கறது அவ. பந்தயத்துக்குப் போறப்ப எதை எப்பத் திங்கோணும், எதை எப்பக் குடிக்கோணும்னு கட்டி எடுத்துட்டு வர்றது அவ. சனிக்கிழமை காருக்கு மேல சைக்கிளைக் கட்டிட்டுக் கெளம்புனா, மலை ஏற ஏற அவளுக்குத் தலை சுத்தும். எலுமிச்சம்பழத்தை மோந்துட்டே வருவா. அங்க போனா சேத்துல எறங்கி மாத்து சைக்கிளோட நிப்பா. ஏனுங்க, ஒரு சுத்துல சேறு அப்பிருச்சுன்னா சக்கரம் சுத்தாது, ஓரமா நிக்கறவங்ககிட்ட அதைக் குடுத்துட்டு மாத்து வண்டியை வாங்கோணும். நான் அடுத்த சுத்து வர்றதுக்குள்ள அவ பழைய வண்டியைக் கழுவி நிறுத்தியிருப்பா. அவளை மாதிரி கழுவறதுக்கு ஆளே இல்லைம்பாங்க. அவளுக்கு அது ரொம்பப் புடிக்கும். புடிக்காமயா வாராவாரம் வருவா? வாயத் தொறந்து கேட்டதில்லைங்க. கேக்கறதுக்கு என்ன இருக்குது, மூஞ்சியிலயே தெரியுமே.

போன சீசன்தானுங்க எல்லாம் தலைகீழாப் போச்சு.

ஏற்காட்டுல மொதப் பந்தயம். சாந்தா வந்தா. ஆனா ஒரு மாதிரி இருந்தா. நான் சேத்தோட வந்து கையை நீட்டறேன், அவ எங்கேயோ பாத்துட்டு நிக்கறா. சைக்கிளைப் புடிச்சிருக்கறா, ஆனா குடுக்க மாட்டேங்கறா. "ஏ சாந்தா"ன்னு கத்துனப்பறந்தான் திரும்புனா. அந்த எடத்துலதான் ஹாரூன் என்னைத் தாண்டிப் போனான். ரெண்டாவதா வந்தேன். நாலு பேரு முன்னால கொஞ்சம் பேசிட்டேன், ஒத்துக்கறேன். "வர்றதுன்னா மனசை வச்சு வா, இல்லாட்டி வீட்லயே இரு"ன்னு சொன்னேன். கோவத்துல சொல்றதுதானுங்களே. அவ குழாய்ல சைக்கிளைக் கழுவிட்டிருந்தா. ஹாரூன் போயி அவகிட்ட என்னமோ கேட்டுட்டிருந்தான். நான் அப்பத் துணி மாத்தப் போயிட்டேன்.

அதுக்கப்புறம் அவ வர்றதை நிறுத்திட்டா. பாருங்க, ஒரு வார்த்தை சொன்னதைப் புடிச்சுக்கிட்டு அப்படியே நிறுத்திட்டா. கேட்டா, பிருந்தாவுக்குப் பரிட்சைன்னா. பிருந்தா சேலத்துல ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கறா. ஹாஸ்டல்ல இருக்கற புள்ளைக்குப் பரிட்சைன்னா வீட்ல இவ எதுக்குன்னு எனக்குத் தோணவே இல்லை. நம்புனேன். அவ்வளவு நம்பிக்கை அவ மேல எனக்கு.

ஏலகிரியில நான் செத்துப் பொழச்சேங்க. பந்தயத்துக்கு முந்தி உடம்பைச் சூடேத்தறதுக்குச் சும்மா சுத்திட்டிருந்தேன். போன் அடிக்குது. பாத்தா சாந்தா. அந்த நேரத்துல நான் போன் எடுக்க மாட்டேன், அது அவளுக்கே தெரியும். மறுபடி அடிச்சுது. அணைச்சு வச்சுட்டேன். பாதிப் பந்தயத்துல கண்ணு இருட்டுது, கை நடுங்குது. சர்க்கரை எறங்கிப் போச்சு. பையில தேடறேன், எதுவும் கட்டி வைக்கலை. அதாவது நாந்தான் கட்டியிருக்கோணும், ஆனா எனக்கு என்னங்க தெரியும், எப்பவும் அவதான கட்டுவா. புல்லு மேல அப்படியே படுத்துட்டேன். ஹாரூன் முன்னால போயிட்டிருந்தவன், சைக்கிளைப் போட்டுட்டு ஓடி வந்து வாயில சர்க்கரையைக் கொட்டுனான். அவனுக்கும் அந்தப் பந்தயம் போச்சு. கொஞ்சம் தெளிஞ்சதும் வீட்டுக்குப் போன் போட்டேன். "இங்க நாதியத்துக் கெடக்கறேன், உனக்கு என்ன வந்துது"ன்னு கேட்டேன்.  "ஏதாச்சும் சாப்புட்டுட்டு மெதுவா வாங்க மாமா"ன்னா. அவ்வளவுதான். எதுக்குக் கூப்பிட்டேன்னு அவளும் சொல்லலை.

பின்னால தெரிஞ்சுது, அன்னைக்குத்தான் அவளுக்கு ரிசல்ட்டு வந்திருக்குது. மார்ல கட்டிங்க. அதுல சதை எடுத்து சோதனைக்கு அனுப்பி, அது அந்த வியாதிதான்னு ஆஸ்பத்திரியில கூப்பிட்டுச் சொல்லியிருக்கறாங்க. பக்கத்துல யாரு இருந்தா தெரியுங்களா? ஹாரூன் சம்சாரம் ஷமீமா. எல்லாம் பின்னால தெரிஞ்சதுதான். அப்ப எனக்கு என்ன தெரியும்.

டீ சொல்லட்டுங்களா? வேண்டாமா. சரி, இருங்க, முடிச்சர்றேன்.

ஓசூர்ல நான் மொதல்ல வந்தேன், ஹாரூன் மூணாவது. வயநாட்டுல ஹாரூன் மொதல்ல, நான் ரெண்டாவது. புள்ளிக் கணக்குல ஆகமொத்தம் கோத்தகிரிக்குப் போறப்ப நானும் அவனும் சரிக்குச் சமம். அங்க யாரு முன்னால வர்றாங்களோ அவங்களுக்குத்தான் வருசக் கப்பு. இத்தனை வருசத்துல எனக்கு அது கெடைச்சதே இல்லீங்க. எப்பவும் அவனோட பின்சக்கரத்தைப் பாத்துட்டே போவேன். நல்ல சிநேகிதன்தான், ஆனா சேத்துல எறங்குனா அவன் பின்சக்கரந்தான் எனக்கு எதிரி.

கெளம்பறதுக்கு முந்தின வாரம், சோறு போட்டுட்டே சாந்தா கேட்டா. "இந்த வாரம் போகோணுங்களா மாமா?"

"என்ன கேக்கறே நீ? கடைசிப் பந்தயம். இதுக்குத்தான வருசம் பூராவும் ஒழைச்சேன்."

"அடுத்த வருசமும் வருமில்லீங்களா?"

"ஹாரூனும் நானும் சமமா இருக்கறது அடுத்த வருசம் வருமா?"

அவ கொழம்பு ஊத்துனா. "அப்பப் போயிட்டு வாங்க"ன்னா. அவளே சொன்னாளுங்க. என் காதால கேட்டேன். போயிட்டு வாங்கன்னு.

சனிக்கிழமை கார்ல ஏறி உக்காந்துட்டேன். கண்ணாடியைத் தட்டுனா. எறக்குனேன். என்னன்னு கேட்டேன்.  "ஒண்ணுமில்லை. மலையில பாத்துப் போங்க"ன்னா. நானும் சரின்னுட்டு வண்டியை எடுத்தேன். ஹாரூன் நாளைக்கு நேரா வந்தர்றேன்னு சொல்லியிருந்தான்.

ஞாயித்துக்கிழமை காத்தால பாத்தா ஹாரூனைக் காணோம். காய்ச்சல், வரலைன்னு மெசேஜ் போட்டிருந்தான். எனக்கு உள்ளுக்குள்ள என்னமோ ஆச்சு. சந்தோசம்னு சொல்ல மாட்டேன். அவன் இல்லாம ஜெயிச்சா அதெல்லாம் ஒரு ஜெயமான்னு ஒரு நெனப்பு. அப்புறம், ஓட்டறதை ஓட்டுவோம்னு எறங்கிட்டேன். தம்பி, சொல்றதுக்கென்ன, அன்னைக்கு மாதிரி நான் எப்பவும் ஓட்டுனதில்லை. தேயிலைத் தோட்டத்து ஓரமா செம்மண் சேறு. சாரல் வேற. பலகைகிட்ட வந்தா கால் தானா எறங்குது, தோள் தானா வாங்குது. முன்னால பாத்தா யாருடைய சக்கரமும் இல்லை. வெறும் பாதை. நான் மட்டும். முடிச்சுட்டு வந்தப்ப எல்லாரும் கை தட்டுனாங்க. சின்னப் புள்ளையாட்டம் அழுதேன். மொதல்ல சாந்தாவுக்குத்தான் போன் போட்டேன். எடுக்கலை. பிருந்தாவுக்குப் போட்டேன்.

"அப்பா ஜெயிச்சுட்டேன் கண்ணு."

"சரிங்கப்பா."

"அம்மா எங்கே, போன் எடுக்கலை?"

"தூங்கறாங்க. நீங்க மெதுவா வாங்க."

பட்டப்பகல்ல தூக்கமான்னு நெனச்சேன். சேலத்துல இருக்க வேண்டிய புள்ளைக்கு அம்மா தூங்கறது எப்படித் தெரியும்னு நெனைக்கலை. ஜெயிச்ச வேகத்துல அதெல்லாம் எங்க தோணும்.

பொழுதோட வீட்டுக்கு வந்தா பூட்டிக் கெடக்குது. கப்பு கையில. கேட்டு முன்னால நிக்கறேன். பக்கத்து ஊட்டு ராஜாமணியம்மா மாடியிலிருந்து துணி எடுத்துட்டிருந்தாங்க. என்னைப் பாத்துட்டு, "ஆப்பரேசன் நல்லபடியா முடிஞ்சுதுங்களா? நீங்க இன்னும் அங்க போகலீங்களா?"ன்னு கேக்கறாங்க.

எந்த ஆப்பரேசன்னு நான் அவங்களைக் கேட்டேன் தம்பி. கட்டுன புருசன், பக்கத்து ஊட்டு அம்மாகிட்ட, எந்த ஆப்பரேசன்னு கேட்டேன். அந்தம்மா எடுத்த துணியைத் திரும்பக் கொடியிலயே போட்டுட்டாங்க. அப்புறம் ஆஸ்பத்திரி பேரைச் சொன்னாங்க.

போனேன். சேத்தோடதான் போனேன். மேல் மாடியில நீளமா ஒரு வராந்தா. பெஞ்சுல பிருந்தா, ஷமீமா மடியில தலையை வச்சுப் படுத்திருக்கறா. பக்கத்துல ஹாரூன். கை மடிப்புல பஞ்சு வச்சு ஒட்டியிருக்குது. ரத்தம் குடுத்திருக்கறான். காய்ச்சலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கல்லாட்டம் இருக்கறான். எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனச்சுப் பாருங்க. நேராப் போயி அவன்கிட்டக் கேட்டேன்.

"நீ எனக்கு விட்டுக்குடுத்தயா?"

அவன் என்னைப் பாத்தான். புரியாதவனாட்டம் பாத்தான்.

"பந்தயத்தை. வேணும்னே வராம இருந்தயா? பிச்சை போட்டயா எனக்கு?"

ஹாரூன் எந்திரிச்சான். அடிப்பான்னு நெனச்சேன். என் கையிலிருந்த கப்பை வாங்கி பெஞ்சுல வச்சான். ஆமாங்க, கையிலயேதான் வச்சிருந்தேன், எங்க வைக்கறதுன்னு தெரியலை. "சென்னி, உள்ள போயி அவங்களைப் பாரு"ன்னான். சென்னியப்பன்ங்கறது என் பேரு. கூடப் படிச்சவங்க சென்னிம்பாங்க.

கேட்ட கேள்விக்குப் பதில் இன்னிக்கு வரைக்கும் அவன் சொல்லலை. அதைக் கவனிச்சுக்கோங்க.

உள்ள சாந்தா படுத்திருந்தா. மூஞ்சி வெளுத்து, ஒதடு காஞ்சு. ஒரு பக்கம் பூராவும் கட்டு. அந்தப் பக்கத்தை எடுத்துட்டாங்க. நான் அந்தப் பக்கம் பாக்கலைங்க. என்னால பாக்க முடியலை. கட்டில் காலையே பாத்துட்டு நின்னேன். அவ கண்ணைத் தொறந்தா.

"ஜெயிச்சீங்களா?"

"ஜெயிச்சேன்."

"நல்லது"ன்னா. மூடிக்கிட்டா.

"ஏன் சாந்தா எங்கிட்டச் சொல்லலை?"

கண்ணைத் தொறக்காமயே சொன்னா. "உங்களுக்கு மனசு வெசனமானா சர்க்கரை ஏறிருமில்லீங்களா."

அதை நான் நம்புனேன். ரெண்டு மூணு நாள் அதையே சொல்லிச் சொல்லி மனசைத் தேத்திக்கிட்டேன். எம் மேல இருக்கற அக்கறையிலதான் மறைச்சிருக்கறான்னு. ஆஸ்பத்திரியில நர்சுகிட்டக்கூடச் சொன்னேன், பாருங்கம்மா, எனக்குச் சர்க்கரை ஏறிரும்னு மறைச்சுட்டான்னு. அந்த நர்சம்மா ட்ரிப்ஸை சரி பண்ணிட்டுப் போயிட்டாங்க.

வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த பின்னால பிருந்தாகிட்டக் கேட்டேன். ஆப்பரேசனுக்குச் சொந்தக்காரங்க கையெழுத்துன்னு அவகிட்டத்தான் வாங்கியிருக்கறாங்க. காலேஜ் படிக்கற புள்ளை. "அப்பன் உசுரோட இருக்க நீ எப்படிப் போடலாம், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாமில்ல"ன்னேன்.

"அம்மா உங்ககிட்டச் சொன்னாங்கப்பா."

"எப்ப?"

"ஏற்காட்டுக்குப் போறப்ப. கார்ல."

யோசிச்சுப் பாத்தேன். ஆமா, என்னமோ சொன்னா. கொண்டை ஊசி வளைவுல வண்டி திரும்பறப்ப. "கட்டியாட்டம் தட்டுப்படுதுங்க மாமா"ன்னு. நான் அப்ப டயர்ல காத்து எவ்வளவு வைக்கலாம்னு ரோசனை பண்ணிட்டிருந்தேன். மழை பேஞ்சிருந்தா ஒரு அளவு, காஞ்சிருந்தா ஒரு அளவு. "கொழுப்புக் கட்டியா இருக்கும், எங்கம்மாவுக்கும் இருந்துது"ன்னு சொன்னேன். எங்கம்மாவுக்கு இருந்தது நெசந்தானுங்களே. நான் ஒண்ணும் பொய் சொல்லலை. ஆனா நீங்களே சொல்லுங்க தம்பி, அதுக்குப் பேரு சொல்றதா? வளைவுல வண்டி திரும்பறப்ப, எலுமிச்சம்பழத்தை மூக்குல வச்சுக்கிட்டு? சொல்றதுன்னா உக்கார வச்சுச் சொல்லோணும். இப்படி இப்படி, இது பெரிய விசயம், கேளுங்கன்னு சொல்லோணும். இதையேதான் பிருந்தாகிட்டயும் சொன்னேன்.

"ஏலகிரியில இருந்தப்ப போன் பண்ணுனாங்கல்லப்பா."

"பந்தயத்துக்கு முந்தி நான் எடுக்க மாட்டேன்னு அம்மாவுக்குத் தெரியும்."

"தெரியும்ப்பா"ன்னா. "தெரிஞ்சும் ரெண்டு தடவை பண்ணுனாங்க"ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

எல்லாரும் இப்படித்தானுங்க. பாதியில எந்திரிச்சுப் போயிடறாங்க.

அதுக்கப்புறம் ஹாரூன் வீட்டுக்குப் போயி உக்காந்து கேட்டேன். பந்தயத்தைப் பத்தி இல்லை. ஏன்டா, நீயாவது சொல்லியிருக்கலாமில்ல, சின்ன வயசிலிருந்து ஒண்ணாத் திரிஞ்சோமேன்னு. அவன் சொல்றான், "ஏற்காட்டுல சைக்கிள் கழுவிட்டு அழுதுட்டிருந்தாங்க. என்னன்னு கேட்டேன், சொன்னாங்க. யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்னாங்க. நானே சொல்லிக்கறேன்னாங்க. நீ கேப்பேன்னு காத்துட்டிருந்தோம்"ங்கறான். காத்துட்டிருந்தாங்களாம். எல்லாருமாச் சேந்து காத்துட்டிருந்தாங்களாம். ஒருத்தனைச் சுத்தி எல்லாரும் நின்னுட்டு, இவன் எப்பக் கேப்பான்னு பாத்துட்டே இருக்கறதுக்கு என்னங்க பேரு? துரோகம்னு நான் சொன்னா கோவப்படறாங்க.

அவன் இனிப் பந்தயத்துக்கு வர்றதா இல்லை. சைக்கிளை அவன் தம்பி மகனுக்குக் குடுத்துட்டான். ஏன்டான்னா, "போதும்னு தோணிருச்சு"ங்கறான்.

சாந்தாவுக்கு இப்ப மருந்து ஏத்தறாங்க. மூணு வாரத்துக்கு ஒருக்கா போகோணும். முடியெல்லாம் கொட்டிப் போச்சு. நான் கார்ல கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன். சொல்லாமயா இருப்பேன்? "ஷமீமா வர்றாளுங்க மாமா, உங்களுக்குப் பட்டறை இருக்குதில்ல"ன்னுட்டா. ரெண்டாவது தடவையும் சொன்னேன். "பழகிருச்சுங்க அவகூட"ன்னா. ஷமீமா நல்ல பொம்பளை, நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா கார் வந்து நிக்குது, எங்கூட்டுக்காரி ஏறிப் போறா, நான் பட்டறை வாசல்ல கையில எண்ணையோட நின்னு பாக்கறேன். எதுக்கும் இருக்கட்டும்னு கை ஆட்டறேன். ஷமீமாதான் திருப்பி ஆட்டறா.

காத்தால என் விரலைக் குத்தறது மட்டும் இன்னும் அவதான். அதை விடலை. நானே பண்ணிக்கறேன்னாலும் விட மாட்டேங்கறா. மருந்து ஏத்திட்டு வந்து கை நடுங்கற அன்னைக்கும் ஊசியை எடுத்துட்டு வந்து நிப்பா. குத்துவா, பாப்பா, எழுதுவா, போயிருவா.

அப்பத்தான் ஒரு நாள் முடிவு பண்ணுனேன். சைக்கிளும் வேண்டாம், மலையும் வேண்டாம், எல்லாத்தையும் வித்துட்டு ஞாயித்துக்கிழமை வீட்ல இருக்கறதுன்னு. அவளுக்காக. வேற யாருக்காக? அவகிட்ட உடனே சொல்லலை. மொதல்ல இருந்து காட்டலாம்னு போன ஞாயித்துக்கிழமை எங்கயும் போகாம வீட்லயே இருந்தேன்.

காத்தால இருந்து அவ என்னை ரெண்டு மூணு தடவை எட்டிப் பாத்தா. "ஓட்டப் போகலீங்களா?"ன்னா. இல்லைன்னேன். "உடம்பு சரியில்லீங்களா?"ன்னா. நல்லாத்தான் இருக்கறேன்னேன். கூடத்துல உக்காந்து பேப்பர் படிச்சேன். அவ உள்ளயும் வெளியயும் நடந்துட்டே இருந்தா.

பதினோரு மணியாட்டம் ஹாரூனும் ஷமீமாவும் வந்தாங்க. பிருந்தாவும் சேலத்திலிருந்து வந்துட்டா. எனக்குத் தெரியலை பாருங்க, ஞாயித்துக்கிழமையானா அவங்க எல்லாரும் எங்கூட்டுலதான் கூடறாங்களாம். சீசன் முடிஞ்சும் நான் ஞாயித்துக்கிழமை மலைக்கு ஓட்டப் போறதை விடலை, அப்ப இங்க இது ரொம்ப நாளா நடந்துட்டிருக்குது. ஷமீமா பாத்திரத்துல என்னமோ சமைச்சு எடுத்துட்டு வர்றா, பிருந்தா தரையில பாய் போடறா, ஹாரூன் சமையக்கட்டுக்குள்ள போயி வெங்காயம் உரிக்கறான். எந்த டப்பா எங்க இருக்குதுன்னு அவனுக்குத் தெரியுது. எனக்குத் தெரியாதுங்க. உள்ள நாலு பேரும் என்னமோ பேசிச் சிரிச்சாங்க. சாந்தா சிரிச்சாளுங்க. தலையில துணி கட்டிட்டு, தொவண்டு போயி இருக்கறா, ஆனா சிரிக்கறா. அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாச்சு. எந்திரிச்சு உள்ள போனேன். சும்மா, நானும் கேக்கலாம்னு. நான் வாசப்படிகிட்டப் போனதும் சிரிப்பு நின்னுருச்சு. யாரும் வேணும்னு நிறுத்தலை. ஆனா நின்னுருச்சு.

"வாங்க, உக்காருங்க"ன்னு ஷமீமா எந்திரிச்சா. சாந்தா எனக்கு இலை போட்டா. அவங்கெல்லாம் தட்டுல சாப்புடறாங்க, கீழ பாயில. எனக்கு மட்டும் டேபிள்ல இலை. மொதல்ல எனக்குப் போட்டா. தண்ணி சொம்பு எடுத்து வச்சா. "இன்னுங் கொஞ்சம் போட்டுக்கங்க, கூச்சப்படாதீங்க"ன்னா. அவளுக்கே தெரியாம வாயில வந்துருச்சு. வீட்டுக்கு வந்த ஒறம்பரைக்குப் போடறாப்ல போட்டா தம்பி. நான் கட்டுன வீட்டுல எனக்கு ஒறம்பரைச் சாப்பாடு.

எல்லாரும் போன பின்னால சமையக்கட்டுல அவ பாத்திரத்தை ஒதுக்கிட்டிருந்தா. நான் போயி நின்னேன். வண்டியை விக்கப் போறேன், இனி ஞாயித்துக்கிழமை உன்கூடத்தான் இருக்கப் போறேன்னு சொன்னேன். சந்தோசப்படுவான்னு நெனச்சேன். அழுதாலும் அழுவான்னு நெனச்சேன்.

அவ கையைத் தொடைச்சுட்டுத் திரும்புனா. "எனக்காக விக்காதீங்க மாமா"ன்னா. "நீங்க போயிட்டு வாங்க. ஞாயித்துக்கிழமை நீங்க வீட்ல இருந்தா நான் என்ன பண்றதுன்னே எனக்குத் தெரியறதில்லை."

கோவமாச் சொல்லியிருந்தா தாங்கியிருப்பேன். ஏற்காட்டுல நான் பேசுனதுக்குப் பழி வாங்கறான்னு நெனச்சுக்குவேன். கோவமே இல்லீங்க. மழை வர்ற மாதிரி இருக்குது, துணியை எடுத்துருங்கன்னு சொல்ற மாதிரி சொன்னா. சொல்லிட்டு லைட்டை அணைச்சுட்டுப் படுக்கப் போயிட்டா.

நாலு நாளா ரோசனை பண்றேன். நான் என்னங்க தப்பு பண்ணுனேன்? குடிச்சனா, அடிச்சனா, இன்னொருத்தி வீட்டுக்குப் போனனா? உடம்பு நல்லாருக்கோணும்னு சைக்கிள் ஓட்டுனேன். யாரைக் கேட்டாலும் மூஞ்சியைத் திருப்பிக்கறாங்க. நீங்களும் இப்ப சைக்கிளைத்தான் பாக்கறீங்க.

அவ விக்க வேண்டாங்கறா. நான் விக்கறனுங்க. எடுத்துட்டுப் போங்க, வெலை எப்படியோ பேசிக்கலாம். இந்த ஞாயித்துக்கிழமையும் வீட்லதான் இருக்கப் போறேன். அதுக்கடுத்ததும். என்ன பண்றதுன்னு தெரியலைங்கறாளா, எனக்கு மட்டும் தெரியுதாக்கும். ரெண்டு பேரும் தெரியாமயே ஒரே வீட்டுக்குள்ள உக்காந்திருக்கறோம். எந்திரிச்சுப் போனா அவ போகட்டும்.

ஓட்டிப் பாருங்க, இந்தத் தெருவுல ஒரு சுத்து. கேட்டை மட்டும் மெதுவாத் தொறங்க தம்பி. நேத்துத்தான் மருந்து ஏத்திட்டு வந்தா. இப்பத்தான் கண்ணு அசந்திருக்கறா.